மொஹாவியில் நிற்கும் மேக்: லைவ் 11, ரீப்பர், ஓப்பன்கோர் – எது சரி?

2012-இல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவில்தான் இன்றும் பாட்டுப் பதிவு செய்கிறேன். 16 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் பின்னாளில் நான் மாற்றிப் போட்டவை. அதில் ஓடுவது மேக்ஓஎஸ் 10.14, அதாவது மொஹாவி. கணினிக்கு ஒரு குறையும் இல்லை. நான் பதிவுக்குப் பயன்படுத்தும் ஏபிள்டன் லைவ் என்ற மென்பொருளின் 10-ஆம் பதிப்புதான் போதாமல் போயிற்று. ஒரு பாடகி ஒரே சரணத்தை ஆறு முறை பாடினால், ஆறு டேக்கிலும் நல்ல சொற்களைப் பொறுக்கி, கையால் வெட்டி ஒட்டி முடிப்பதற்குள் இரவாகிவிடும். புதிய பதிப்புக்குப் போகலாம் என்று உட்கார்ந்தபோதுதான் இயங்குதளம் குறுக்கே நின்றது. லைவ் 12-க்குக் குறைந்தது மேக்ஓஎஸ் 11, பிக் சர் வேண்டும். என் கணினிக்கு ஆப்பிள் அனுமதித்த கடைசி இயங்குதளமோ 10.15, கேட்டலினா.

கேட்டலினாவுக்கு ஏறுவதை முதலிலேயே தள்ளிவிட்டேன். லைவ் 12-க்கு அது போதாது. அத்துடன், 2019 அக்டோபரில் வெளிவந்த கேட்டலினா, 32 பிட் என்னும் பழைய வகை மென்பொருள்களை அடியோடு நிறுத்திவிட்டது. அவற்றை இயக்கும் கடைசி மேக் இயங்குதளம் மொஹாவிதான். என் பழைய பாடல்கள் பலவற்றில் ஒரு தம்பூரா ப்ளக்இன், அதாவது பதிவு மென்பொருளுக்குள் சேர்த்து ஓட்டும் துணை மென்பொருள், இருக்கிறது. 32 பிட்டில் மட்டுமே வந்தது. அதைச் செய்தவர்கள் தொழிலையே விட்டுவிட்டார்கள். ஆப்பிளின் பதிவு மென்பொருளான லாஜிக் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு: மொஹாவியில் லாஜிக் 10.5 வரை, கேட்டலினாவில் லாஜிக் 10.6. அந்த ஒரு படிக்காக 32 பிட்டை இழக்கலாமா என்பதை அவரவர் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே மிஞ்சியவை மூன்று. மொஹாவியிலேயே இருந்துகொண்டு அது தாங்கும் கடைசிப் பதிப்பான லைவ் 11-க்குப் போவது; லைவை விட்டு ரீப்பர் என்ற வேறொரு பதிவு மென்பொருளுக்கு மாறுவது; ஓப்பன்கோர் லெகசி பேட்ச்சர் என்ற கருவியைக் கொண்டு ஆப்பிள் அனுமதிக்காத பிக் சரை ஏற்றுவது.

2021 பிப்ரவரியில் வந்த லைவ் 11-க்கு 10.13 இருந்தாலே போதும். நான் ஏங்கிய காம்பிங், அதாவது டேக்குகளின் நல்ல துண்டுகளைப் பொறுக்கிக் கோக்கும் வசதி, வந்தது இதில்தான். ஆறு டேக்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக விரிகின்றன. வேண்டிய துண்டின்மேல் இழுத்தால் அது மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு மாலை முழுக்க இழுத்த வேலை அரை மணி நேரத்தில் முடிந்தபோது, இத்தனை நாள் ஏன் காத்திருந்தேன் என்று வருத்தப்பட்டேன். இப்போது வாங்குவது லைவ் 12 உரிமமாக இருந்தாலும், அதே உரிமத்தில் 11-ஐயும் இயக்கலாம். நாளை கணினி மாறினால் 12 காத்திருக்கும். கொடுத்த பணம் வீணாகாது.

லைவ் 11-இன் குறை இரண்டு. ஒன்று, அதில் சேமித்த கோப்பை லைவ் 10-இல் திறக்க முடியாது. பழைய பாடலைத் திறந்ததும் முதல் வேலையாக வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். இரண்டு, இது முட்டுச்சந்து. 11-இன் கடைசித் திருத்தத்தோடு மொஹாவியில் நம் பயணம் நின்றுவிடும்.

ரீப்பரில் அந்த முட்டுச்சந்து இல்லை. வின்ஆம்ப் செய்த ஜஸ்டின் ஃபிராங்கலின் காக்கோஸ் நிறுவனம் வெளியிடும் மென்பொருள் இது. 10.5 முதல் 10.14 வரையிலான மேக்குகளுக்கென்றே தனிப் பதிப்பு தருகிறார்கள். 2023-இல் வந்த ரீப்பர் 7 என் மொஹாவியில் எந்தத் தகராறும் இல்லாமல் ஏறியது. தனியாள் உரிமம் 60 டாலர். அது 8-ஆம் பதிப்பின் இறுதிவரை செல்லும். வாங்குமுன் 60 நாள் ஓட்டிப் பார்க்கலாம்.

என்னை மிகவும் மகிழ்வித்தது வேறொன்று. ரீப்பரின் 64 பிட் பதிப்பு, பழைய 32 பிட் ப்ளக்இன்களைத் தனிச் செயல்முறையாக (process) பாலம் போட்டு ஓட்டுகிறது. 64 பிட்டை மட்டுமே ஏற்கும் லைவ் 10-க்கு வந்த நாள் முதல் ஊமையாகக் கிடந்த என் தம்பூரா மறுபடி சுருதி சேர்ந்து ஒலித்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரீப்பரின் பாடல் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. சாதாரண எடிட்டரில் திறந்தால் ட்ராக்கின் பெயர், ஒலியளவு, எந்த வேவ் (ஒலி) கோப்பு எத்தனையாவது நொடியில் தொடங்குகிறது என எல்லாவற்றையும் கண்ணால் படிக்கலாம். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு இந்தப் பாடலை யாராவது திறக்க நேர்ந்தால், மென்பொருளே இல்லாவிட்டாலும் பாதியை மீட்டுவிடலாம். பழைய கணினியோடு மல்லுக்கட்டுகிற எனக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் ரீப்பரில் வாத்தியங்கள் இல்லை என்றே சொல்லலாம். அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவும், ஒலியின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் கம்ப்ரஷனும் தரமாக உள்ளன. பியானோ, தாளக் கருவிகள், லூப்புகள் எல்லாம் நாம்தான் கொண்டுவர வேண்டும். லைவின் செஷன் திரையில் சின்னச் சின்னத் துண்டுகளைத் தட்டித் தட்டி மெட்டுப் போடும் பழக்கம் உள்ளவருக்கு ரீப்பர் வறண்ட நிலமாகத் தெரியும். மெட்டுக் கட்ட லைவ், குரல் பதிய ரீப்பர் என்று நான் பிரித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

குரல் பதிவில் இன்னொரு வேறுபாடும் தெரிந்தது. இருபது ட்ராக் சேர்ந்த பிறகு, லைவில் ஒலி வெட்டாமலிருக்க, ஒலியைச் சிறிது தேக்கி அனுப்பும் பஃபரை 1024 மாதிரிகளுக்கு (samples) உயர்த்த வேண்டியிருந்தது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் அது ஒரு திசையில் மட்டுமே 23 மில்லிநொடித் தாமதம். "தம்பி, என் குரல் எனக்கே பிந்தி வருகிறது" என்று பாடகி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார். அதே இசையை ஒரே ஸ்டீரியோ கோப்பாக்கி ரீப்பரில் போட்டு, பஃபரை 128-க்கு இறக்கினேன். 3 மில்லிநொடிதான். அவர் அதன்பின் நிறுத்தவே இல்லை.

ஓப்பன்கோரையும் முயன்றேன், தனியாக வாங்கிய எஸ்எஸ்டியில். பிக் சர் எழுந்து வந்தது, திரையும் தெளிவாக இருந்தது. மைக்கைக் கணினியோடு இணைக்கும் என் ஆடியோ இன்டர்ஃபேஸ்தான் எழவில்லை; ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பில் ஓடுவது அது. அதைத் தயாரித்தவர்கள், அதை இயங்குதளத்தோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். லைவ் 12-ஐ நிறுவும் கட்டத்துக்கே நான் போகவில்லை. ஓப்பன்கோர் செய்பவர்களின் உழைப்பை மதிக்கிறேன். குப்பைக்குப் போகவேண்டிய எத்தனையோ கணினிகளுக்கு அவர்கள் உயிர் கொடுத்திருக்கிறார்கள். டிரைவர் கேட்காத யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி கைகொடுக்கலாம். ஆனால் பிக் சரையும் தாண்டி அடுத்த இயங்குதளமான மான்ட்ரேக்குப் போனால், 2012 மேக்கின் கிராஃபிக்ஸ் டிரைவரை ஆப்பிள் நீக்கிவிட்டதால் அதை ஒட்டுப்போட்டுச் சேர்க்க வேண்டும். இயங்குதளம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்த ஒட்டை மீண்டும் போட வேண்டும். நாளைக் காலை பாடகர் வரவிருக்கும் கணினியில் இதைச் செய்யாதீர்கள்.

மொஹாவியில் தங்குவதற்கும் விலை உண்டு. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2021-இலேயே நின்றுவிட்டன. குரோம் 116-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது. என் மேக்கில் வைஃபை எப்போதும் அணைந்தே இருக்கும். நிறுவும் கோப்புகளை வேறு கணினியில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவருகிறேன். உரிமம் பதிவு செய்யும் ஐந்து நிமிடம் மட்டும் இணையத்தில் இணைகிறேன்.

எந்த வழியில் போனாலும் அதற்குமுன் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு பழைய பாடலையும் இப்போதுள்ள பதிப்பிலேயே திறந்து, ஒவ்வொரு ட்ராக்கையும் பாடலின் தொடக்கத்திலிருந்தே தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து, வெளி டிஸ்க்கில் வையுங்கள். எனக்கு இதற்கு மூன்று வார இறுதிகள் பிடித்தன. நாற்பத்தொரு பாடல்களில் நான்கு மட்டும் திறக்கவில்லை.