மெத்தில்பெனிடேட் நீண்டநேர மாத்திரை: எட்டு மாத அனுபவம்

ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைபாட்டுக்காக என் பதினொரு வயது மகள் எட்டு மாதங்களாக, மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி, 18 மில்லிகிராம் மெத்தில்பெனிடேட் நீண்டநேர மாத்திரையைக் காலையில் ஒன்று எடுத்துக்கொள்கிறாள். அதற்கு முன் ஆறு மாதம் இதே மருந்தின் சாதாரண மாத்திரையைக் கொடுத்துவந்தோம். இரண்டிலும் இருப்பது ஒரே மருந்துதான். மாத்திரையின் அமைப்பு மட்டுமே வேறு.

மருந்து பழையது. சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிட்சோன் 1944-இல் இதைத் தயாரித்தார். ரீட்டாலின் என்ற வணிகப்பெயர் அவருடைய மனைவி ரீட்டாவின் பெயரிலிருந்து வந்தது. நரம்பணுக்கள் வெளியிட்ட டோபமின், நார்அட்ரினலின் என்னும் செய்திகடத்தும் வேதிப்பொருள்களைத் திரும்ப உள்ளிழுக்கும் புரதங்களை இது அடைத்துவிடுவதால், அந்த வேதிப்பொருள்கள் நரம்பணுக்களுக்கு இடையிலுள்ள நரம்பிணைப்பில் கூடுதல் நேரம் தங்குகின்றன. ஆனால் இந்த மூலக்கூறில் ஒரு மெத்தில் எஸ்டர் பிணைப்பு உண்டு. கல்லீரல் நொதி அதை வெட்டியதும் மருந்து செயலற்ற ரிட்டாலினிக் அமிலமாகிவிடுகிறது. அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறையும் நேரம், 2 முதல் 3 மணி நேரமே. சாதாரண மாத்திரையோடு நாங்கள் பட்ட பாடு முழுவதும் இந்த எஸ்டரால் வந்ததுதான்: காலையில் தெளிவாக இருந்த குழந்தை நண்பகலில் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு அழுவாள், பள்ளியில் கொடுக்க வேண்டிய இரண்டாவது மாத்திரை பல நாள் மறந்துபோகும்.

நீண்டநேர மாத்திரையை விளக்கொளியில் திருப்பிப் பார்த்தால் ஒரு முனையில் ஊசிமுனை அளவு துளை தெரியும். மேற்பூச்சிலுள்ள 4 மில்லிகிராம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் கரைந்துவிடும். எஞ்சிய 14 மில்லிகிராம் உள்ளே அடுக்குகளாக இருக்கிறது. குடலிலுள்ள நீர் சவ்வின் வழியே மெல்ல உள்ளே ஊற, அடியடுக்கு உப்பி, மருந்தைத் துளை வழியாகச் சிறிது சிறிதாக வெளியே தள்ளுகிறது. காலையில் குறைவாகவும் பிற்பகலில் கூடுதலாகவும் வெளிவருவது இதன் தனிச்சிறப்பு. ஏனெனில் அளவு ஒரே சீராக நின்றால் மாலைக்குள் பலன் மங்கிவிடுகிறது. ஏறத்தாழ 12 மணி நேரம் தாங்குகிறது. வெற்று ஓடு கரையாமல் மலத்தில் வரும். முதல் முறை அதைக் கண்டு பதறிவிட்டோம், யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

குறைகளும் உண்டு. மதியம் அவளுக்குப் பசியே இருப்பதில்லை. இரண்டு மாதம் எடை ஏறாமல் நின்றதால், மாத்திரைக்கு முன் வயிறு நிறையக் காலை உணவு கொடுக்கத் தொடங்கினோம். காலை எட்டு மணிக்குப் பின் கொடுத்த நாள்களில் இரவுத் தூக்கம் தள்ளிப்போயிற்று. உயரம், எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை மருத்துவர் தவறாமல் பார்க்கிறார். உடைத்தோ மென்றோ விழுங்கினால் மருந்து முழுவதும் ஒரேயடியாக வெளிப்படும். முழுதாக விழுங்கத் தெரியாத குழந்தைக்கு இது சரிப்படாது.

ஒரு முறை மருந்துக்கடையில் வேறு தயாரிப்பைக் கொடுத்துவிட்டார்கள். அளவு அதே 18 என்றாலும் இரண்டு மணிக்கே அவள் சோர்ந்துவிட்டாள். நீண்டநேரம் என்று அச்சிட்டவை எல்லாம் ஒரே விதமாக மருந்தை வெளியிடுவதில்லை. 2014-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இத்தகைய இரண்டு மாற்றுத் தயாரிப்புகளின் இணைத்தகுதியை, அதாவது அசல் மருந்துக்குப் பதிலாகக் கொடுக்கலாம் என்ற தரநிலையை, குறைத்ததும் இதே காரணத்தால்தான். மாற்றித் தந்தால் வாங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். நாங்கள் இப்போது அட்டையைப் பிரித்து அந்தத் துளையைப் பார்த்த பிறகே கொடுக்கிறோம்.