மேகலாவின் இரட்டைக்கொம்பு: தமிழ்99 விசைப்பலகையோடு இரண்டு ஆண்டுகள்

சென்ற வாரம் குன்னூரில் மடிக்கணினியின் விசைப்பலகையை மாற்றிக்கொண்டு கோத்தகிரிக்குத் திரும்பியபோது, எதிர்வீட்டுத் தங்கச்சி, "அக்கா, எங்க பையனுக்கும் இப்படி ஒண்ணு வாங்கிப் பேர் எழுதப் பழக்கலாமா?" என்று கேட்டாள். இரண்டு ஆண்டுகளாக மகளையும் மகனையும் தமிழ்99 என்னும் தமிழ் விசைப்பலகை முறையில் பழக்கிய அனுபவத்தில் அவளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

விசைகளின் மேல் ஒட்டும் தமிழ் எழுத்து ஸ்டிக்கர்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஐப்பசி மழையிலும் மூடுபனியிலும் ஓரம் எழும்பிவிடும். மிச்சத்தைப் பிள்ளைகளின் நகம் பார்த்துக்கொள்ளும். மூன்று முறை ஒட்டினேன்.

ஆனால், 1999இல் தமிழக அரசு ஏற்ற இந்தத் தமிழ்99 முறையைப் போல் எழுத்தின் இயல்பைப் பிள்ளைக்குக் காட்டும் கருவி வேறொன்றை நான் கண்டதில்லை. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஐந்து வயதில் என் மகள் ம, ஏ, க, ல, ஆ என்று ஐந்து விசைகளைத் தட்டி, 'மேகலா' என்று மூன்றெழுத்தாகத் தன் பெயர் திரையில் நிற்பதைக் கண்டாள். 'அம்மா' என்று எழுத ம-வை இருமுறை தட்டியதும் முதல் ம-வின் தலையில் புள்ளி தானாக விழுந்ததைப் பார்த்துக் கைதட்டினாள். 247 எழுத்தும் அச்சிட்ட சுவர் அட்டையை ஓராண்டு காட்டியும் விளங்காத உயிர்மெய், அன்று ஒரே மாலையில் விளங்கிவிட்டது.

வினையும் அங்கேயே தொடங்கியது. ம-வைத் தட்டிய பிறகு ஏ-யைத் தட்டினால், இரட்டைக்கொம்பு தாவிப்போய் ம-வுக்கு முன்னால் நின்றுகொள்கிறது. ஒலிக்கும் வரிசையில் மெய்யை முதலிலும் உயிர்க்குறியைப் பின்னாலும் சேமிப்பது, கணினிகள் எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் யூனிகோடு முறை. தேடலுக்கும் அகரவரிசைக்கும் அதுவே வசதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கை அப்படி எழுதுவதில்லையே! கோடு போட்ட நோட்டில் சிவப்புக் கோட்டை ஒட்டி ம-வை எழுதிவிட்டு, பிறகு கொம்புக்கு இடம் தேடி, கோட்டைத் தாண்டித் தாளின் விளிம்பில் பாதிச் சுழி வெட்டுப்பட அதை எழுதினாள். அழித்து மீண்டும் எழுதச் சொன்னால், மறுபடியும் ம-வே முதலில் வந்தது. நான்கு மாதம் அவள் கையைப் பிடித்து, கொம்பில் தொடங்கி எழுத வைத்தேன். தமிழ்த் தட்டச்சில் லோயர் தேர்வு தேறியவள் நான். அந்தப் பழைய இயந்திரத்தில் கையெழுத்தைப் போலவே கொம்பைத்தான் முதலில் அடிப்போம். அதனால்தான் எனக்கு இத்தனை கோபம்.

மகன் தர்ஷனுக்குக் கொம்புத் தொல்லை இல்லை. ஆனால் ஷ-வுக்கு ஷிஃப்ட் விசையை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி மறு கையால் தட்ட வேண்டும். நான்கு வயதுக் கை அதற்குள் நழுவிவிடுகிறது. எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளின் பெயர்களில் ஜ, ஷ, ஸ, ஹ இருக்கின்றன. அத்தனையும் ஷிஃப்டுக்குப் பின்னால்தான்.

உயிர்மெய்யை விளங்க வைத்ததற்காக இந்தக் கருவிக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். பழுதானால் மறுபடியும் குன்னூருக்குத் தூக்கிக்கொண்டு போவேன். ஆனாலும் தங்கச்சியிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். அவள் மகனின் பெயர் 'ஜெ' என்று தொடங்குகிறது; ஷிஃப்டும் கொம்பும் முதல் எழுத்திலேயே. இப்போதைக்குச் சிலேட்டும் பல்பமும் வாங்கிக் கொடு என்றேன்.