ஒரே துறையில் ஆழமா, முழு அமைப்பின் பார்வையா?

வான்வெளிப் பொறியாளர் கட்டமைப்பு போன்ற ஒரே துறையில் ஆழ இறங்கலாம். அல்லது எல்லாத் துறைகளையும் இணைக்கும் அமைப்புப் பொறியியலுக்கு மாறலாம். 1954-இல் பிரிட்டனின் காமெட் ஜெட் பயணிகள் விமானங்கள் நடுவானில் சிதைந்தபோது, முழு உடற்பகுதியை நீர்த்தொட்டியில் வைத்து அழுத்தத்தை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கி, சன்னல் போன்ற திறப்பின் மூலையில் பிறந்த உலோகச் சோர்வு விரிசலைக் கண்டறிந்தது முதல் வகையினரின் ஆழ்ந்த அறிவு. 1999-இல் நாசாவின் செவ்வாய் விண்கலமான மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்ததோ, உந்துவிசைக் கணக்கை ஒரு மென்பொருள் பவுண்டு சார்ந்த பிரிட்டிஷ் அலகில் தர, மற்றொன்று அதை நியூட்டன் சார்ந்த மெட்ரிக் அலகென எடுத்துக்கொண்டதால். அங்கே தேவைப்பட்டது இரண்டாவது வகையினரின் விழிப்பு.

அமைப்புப் பொறியாளர் புதிய துறைகளின் அடிப்படையை ஓயாமல் படிக்க வேண்டியிருக்கும். அந்தப் படிப்பு மேலோட்டமாகிவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே, முதல் சில ஆண்டுகளை ஒரே துறையில் செலவிட்டு, சோதனைத் தரவு கணிப்போடு ஏன் ஒத்துப்போகவில்லை என்று தானே துருவிப் பார்த்த பின்னரே அமைப்புப் பொறியியலுக்கு மாறுவதை நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன்.