நகச் சொத்தைக்கு எந்தச் சோதனை?

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மழை மாதங்கள் முழுவதும் ரப்பர் பூட்ஸுக்குள் கால் ஊற வேலை செய்யும் என் அம்மாவுக்குக் கால் கட்டைவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, அடியில் மாவு போல உதிரத் தொடங்கியது. மருந்துக் கடையில் வாங்கிய களிம்பை நான்கு மாதம் தடவியும் பலன் இல்லை. சோதிக்காமல் மாத்திரை தர மாட்டேன் என்று தோல் மருத்துவர் உறுதியாகச் சொன்னார். இப்படிக் கெட்டுப்போகும் நகங்களில் ஏறக்குறைய பாதிக்குத்தான் பூஞ்சை காரணம். சொரியாசிஸும் பூட்ஸின் அழுத்தமும் இதே தோற்றத்தைத் தரும். பூஞ்சையைக் கொல்லும் டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் மாத்திரையைக் கால் நகத்துக்கு 12 வாரம் விழுங்க வேண்டும். கல்லீரலையும் கவனிக்க வேண்டும்.

கல்ச்சர் என்னும் வளர்ப்புச் சோதனை எந்த வகைப் பூஞ்சை என்று காட்டும். ஆனால் நான்கு வாரம் வரை காத்திருக்க வேண்டும், பூஞ்சை இருந்தும் வளராமல் போவது சாதாரணம். பி.சி.ஆர். பூஞ்சையின் மரபுப்பொருளைத் தேடும், ஓரிரு நாளில் முடியும் நுட்பமான சோதனை. செலவு அதிகம், செத்த பூஞ்சையின் மரபுப்பொருளையும் அது காட்டிவிடும். ஜப்பானில் புழங்கும் பட்டைச் (ஸ்ட்ரிப்) சோதனை சில நிமிடங்களில் விடை தருகிறது. ஆனால் தோலையும் நகத்தையும் தாக்கும் டெர்மட்டோஃபைட் என்னும் பூஞ்சை வகையை மட்டுமே அது பிடிக்கும், ஈஸ்ட் வகையான கேண்டிடா அதில் தப்பிவிடும்.

நாங்கள் தேர்ந்தது பழைய முறையான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சோதனை. நகத் துணுக்கை அந்தக் காரக் கரைசலில் ஊறவைத்தால் நகத்தின் கெரட்டின் என்னும் புரதம் இளகிக் கரையும். கரையாமல் நிற்கும் பூஞ்சை இழைகளை நுண்ணோக்கியில் பார்க்கலாம். காலையில் சுரண்டினார்கள்; மாலைக்குள் முடிவு கிடைத்தது.

வேகத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எந்தச் சோதனையானாலும் அதன் தரம் சுரண்டி எடுக்கும் துணுக்கில்தான் இருக்கிறது. நக நுனியில் இருப்பது பெரும்பாலும் செத்த பூஞ்சையும் வெளி அழுக்கும். உயிருள்ள இழைகள் நல்ல நகமும் கெட்ட நகமும் சேரும் எல்லையில், நகத்துக்கு அடியில் இருக்கும். ஆகவே ஆல்கஹாலால் துடைத்து, நுனியை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே தள்ளிச் சுரண்ட வேண்டும். அம்மாவுக்கு முதலில் எடுத்த துணுக்கு போதவில்லை என்பதைச் சிலைடைப் பார்த்ததும் மருத்துவரே கண்டுகொண்டு, அப்போதே இன்னும் ஆழத்திலிருந்து எடுத்தார். அதில் இழைகள் தெரிந்தன. அந்த முதல் துணுக்கைக் கோயம்புத்தூர் லேபுக்கு அனுப்பியிருந்தால், குறை எங்கே என்று தெரியாமலே "பூஞ்சை இல்லை" என்று ஒரு தாள் வந்திருக்கக்கூடும். அதை நம்பி நாங்களும் சும்மா இருந்திருப்போம். எடுப்பவரே பார்ப்பவராகவும் இருப்பதுதான் இந்த முறையின் பெரும்பலம் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் நான் பேசுவது ஒரே ஒரு நகத்தின் அனுபவம். பார்ப்பவரின் கண் பழகியிராவிட்டால் இழை இருந்தும் தவறிப்போகும். இழையைக் கண்டாலும் அது எந்த வகை என்று இந்தச் சோதனை சொல்லாது. தோல் படையில் டெர்பினாஃபினுக்கு அடங்காத டிரைக்கோஃபைட்டான் என்னும் டெர்மட்டோஃபைட் பூஞ்சை இந்தியாவில் பரவியிருக்கும் நிலையில், மாத்திரை முடிந்தும் அடிப்பக்கம் தெளிவாக வளராத நகத்துக்கு நான் கல்ச்சரையே கேட்பேன். கால் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால் அம்மாவின் நகம் முழுதாக மாற ஓராண்டுக்கு மேல் ஆகும். இப்போதைக்கு அடியில் இளஞ்சிவப்பாக ஒரு கீற்று வந்திருக்கிறது.