மடக்குக்கத்தி திறக்கும் விதங்கள்: வருடக்கணக்கில் புழங்கிய பிறகு எது நிற்கிறது?

கடையில் எடுத்துப் பார்க்கும்போது எல்லா மடக்குக்கத்தியும் நன்றாகத்தான் திறக்கும். புது எண்ணெய், புது வாஷர், உள்ளே ஒரு பொட்டுத் தூசு கிடையாது. ஆறு மாதம் பேன்ட் பாக்கெட்டில் கிடந்து, வியர்வை ஊறி, துணிப்பஞ்சு அடைத்து, அட்டைப்பெட்டியும் சணல் கயிறும் மாங்காயும் அறுத்த பிறகுதான் அதன் குணம் தெரியும். கீழே இருப்பதெல்லாம் அந்த ஆறு மாதத்துக்கு அப்புறம் நடப்பது.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியவை வேறு மூன்று. மூடியிருக்கும் அலகைப் பிடித்துவைப்பது எது? திறந்த அலகு போய் மோதுவது எதில்? மறுபடி மடக்கும்போது விரல் எங்கே இருக்கிறது? திறக்கும் முறை மாறினால் இந்த மூன்றுக்கும் பதில் மாறிவிடும்.

நகக்குழியிலிருந்து தொடங்கலாம். 1897-ல் கார்ல் எல்ஸனர் பதிவு செய்த சுவிஸ் அதிகாரிக் கத்தி முதல் இன்றைய விக்டோரினாக்ஸ் 91 மில்லிமீட்டர் மாடல்கள் வரை எல்லாம் இதே வழிதான். அலகின் மேல் ஓரத்தில் ஒரு பள்ளம், அதில் நகத்தை மாட்டி இழுக்க வேண்டும். முதுகில் இருக்கும் பட்டைவில் அலகை மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் அழுத்திப் பிடிக்கும். கெட்டுப்போக இதில் பாகமே இல்லை. ஆனால் இரண்டு கையும் வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டியவருக்கும் ஈரக்கைக்கும் ஒத்துவராது. பூட்டு இல்லாததால், முனையால் குத்தித் துளை போடும்போது அலகு மடங்கி விரலில் விழலாம். இறுகிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் பழச்சாறு. மூட்டுக்குள் போன சர்க்கரை காய்ந்து பசையாகிவிடும். பிளாஸ்டிக் பிடி உள்ளதை, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போட்டு, நீருக்குள்ளேயே இருபது தடவை திறந்து மூடி, நல்ல நீரில் அலசுங்கள். பிறகு உதறித் துடைத்து, அரைநாள் திறந்தபடி காயவிட்டு, மூட்டுக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய். மரப்பிடி உள்ளதை ஊறப்போடக் கூடாது.

மரப்பிடி என்றதும் ஒபினெல் நினைவுக்கு வரும். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890-ல் பிறந்த கத்தி. 1955-ல் சேர்ந்த வளையப் பூட்டு இன்றும் இருக்கிறது. எட்டாம் எண் அளவுக் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர். பீச் மரப்பிடி ஈரம் குடித்து உப்பும். மழைக்காலத்தில் நகத்துக்கு அசையவே அசையாது. இதற்குச் சவோய்க்காரர்களின் வழி இருக்கிறது: வளையம் திறந்த நிலையில் இருக்க, பிடியின் வால்முனையை மரமேசையில் ஓங்கித் தட்டினால் அலகு சற்றே எழும்பும், பிறகு விரலால் எடுத்துவிடலாம். நிரந்தரமாகச் சரிசெய்ய, நிழலில் ஒரு வாரம் நன்றாக உலரவிட்டு, அலகு உட்காரும் காடியின் உட்சுவரை 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசிக் காயவிட வேண்டும். வெயிலில் போட்டால் மரம் வெடிக்கும்.

கட்டைவிரல் குமிழ் அடுத்தது. அலகின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு உருளை. ஒரு கையால் திறக்கலாம், விலை மலிவான கத்தியிலும் கிடைக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் செய்யும் தவறு ஒன்றே: குமிழைப் பிடியை நோக்கி அமுக்குவது. அப்போது அலகு பக்கத் தகட்டில் உராய்ந்து நகராது. விரலை வெளிப்பக்கமாகத் தள்ளி, பிறகு வளைவாக மேலே கொண்டுபோக வேண்டும். குமிழ் அச்சாணிக்கு மிக அருகில் இருந்தால் நெம்புதூரம் குறைந்து, விரல்நுனி வலிக்க வலிக்கத் தள்ள வேண்டியிருக்கும். வாங்கும்போது இதைப் பத்துத் தடவை தொடர்ந்து திறந்து பாருங்கள். வலி ஏழாவது தடவையில்தான் தெரியும். திருகி மாட்டிய குமிழ் கொஞ்ச நாளில் தளரும். நீலநிறத் திருகுப்பசை ஒரு துளி போதும். சாணைக்கல்லில் தீட்டும்போது குமிழ் கல்லின் விளிம்பில் இடித்து, அலகின் அடிப்பகுதி தீட்டப்படாமலே போவது இதன் தீராத குறை.

துளைக்கு இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. அமெரிக்காவின் கொலராடோவில் இருக்கும் ஸ்பைடர்கோ 1981-ல் ‘வொர்க்கர்’ என்ற கத்தியில் அலகிலேயே வட்டத் துளை போட்டது. பாக்கெட் கிளிப்பும் அதே கத்தியில்தான் வந்தது. 1990-ல் வந்த அவர்களின் டெலிகா கத்தியின் இன்றைய மாடலில் துளை சுமார் 13 மில்லிமீட்டர். கட்டைவிரலின் சதை துளைக்குள் கொஞ்சம் புதைந்து, அதன் விளிம்பைப் பற்றிக்கொள்கிறது. வழவழப்பான குமிழின் மேல் விரல் உட்காருவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், கையில் மீன் வழவழப்போ எண்ணெயோ இருக்கும்போது பளிச்சென்று தெரியும். கையுறை போட்டிருந்தாலும் திறக்கிறது. தேய, தளர, கழன்று விழ ஒன்றும் இல்லை. துளையில் அடைத்த அழுக்கை விரலாலேயே தள்ளிவிடலாம். இருபக்கமும் ஒன்றுபோல இருப்பதால் இடதுகைக்காரருக்கும் சிக்கல் இல்லை. இதற்குக் கொடுக்கும் விலை, அலகு அந்த இடத்தில் அகலமாக, திமில் போல எழும்பியிருப்பதுதான். பாக்கெட்டில் சாவி எடுக்கப் போகும் கை அதில் இடிக்கும். ஒரே ஒரு கத்தி போதும் என்கிறவருக்கு நான் தயங்காமல் சொல்வது துளைதான்.

இப்போது எல்லோரும் ஆசைப்படும் ஃபிளிப்பர். மூடியிருக்கும்போது பிடியின் முதுகில் துருத்திக்கொண்டிருக்கும் நாக்கை ஆட்காட்டி விரலால் இழுத்தால் அலகு சட்டென்று வெளியே வந்து பூட்டிக்கொள்ளும். இந்த வேகத்தைத் தருவது ஸ்பிரிங் அல்ல. திறந்த அலகை மடங்காமல் தாங்கும் பூட்டுப்பட்டையில் பதித்த சின்னஞ்சிறு குண்டு ஒன்று, அலகின் அடியில் உள்ள குழியில் உட்கார்ந்திருக்கிறது. அதை டிடென்ட் என்பார்கள். விரல் கொடுக்கும் அழுத்தம் சேர்ந்துகொண்டே போய், குண்டு குழியை விட்டுத் தாண்டும் கணத்தில் அலகு விடுபட்டுப் பாய்கிறது. குண்டின் பிடி இறுக்கமாக இருந்தால்தான் பாய்ச்சல் இருக்கும். தளர்ந்தால் அலகு பாதிவழியில் நிற்கும்.

‘ஃபிளிப்பர் சரியாகத் திறக்கவில்லை’ என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது கத்தியை அல்ல, பிடித்திருக்கும் கையை. ஃபிரேம் லாக் கத்தியில் பிடியின் ஒரு பக்கமே பூட்டுப்பட்டை. நடுவிரலும் மோதிரவிரலும் அந்தப் பட்டையை அமுக்கினால் குண்டு இன்னும் ஆழமாகக் குழிக்குள் அழுந்தும், எவ்வளவு இழுத்தாலும் அலகு வராது. விரல்நுனிகளைக் கிளிப்பின் மேலோ பிடியின் விளிம்பிலோ வைத்துப் பாருங்கள். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஃபிளிப்பரின் மெய்யான எதிரி மணலும் பஞ்சும். பேரிங் வைத்த கத்தி புதிதில் வெண்ணெய்போல ஓடும். கடற்கரையில் ஒருநாள் போதும், நறநறவென்று சத்தம் கேட்கும். பித்தளையோ பாஸ்பர் பிரான்ஸோ வாஷராக உள்ள கத்தி புதிதில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும், மணலைத் தாங்கிக்கொள்ளும், புழங்கப் புழங்க வழவழப்பாகும். வெளிவேலைக்கு எடுத்துப்போகிறவர்கள் வாஷரைத் தேடி வாங்குங்கள். பேரிங்கைக் கழற்றித் துடைப்பதானால், எவர்சில்வர் தட்டில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்துச் செய்யுங்கள். தரையில் உருண்ட ஒன்றரை மில்லிமீட்டர் குண்டு திரும்பக் கிடைக்காது.

அச்சாணித் திருகு பெரும்பாலும் T8 அல்லது T6 டார்க்ஸ், அதாவது தலையில் ஆறுமுனை நட்சத்திரக் குழி உள்ளது. இதை முறுக்குவதில் பொறுமை வேண்டும். கடிகாரத்தின் பெரிய முள் ஐந்து நிமிடத்தில் நகரும் தூரம் எவ்வளவோ, ஒரு தடவைக்கு அவ்வளவுதான். முறுக்கியதும் அலகின் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்று, அலகு தடையில்லாமல் ஓடும் அந்தப் புள்ளியே போதும். அந்த இடம் நிற்காமல் தளர்ந்துகொண்டே போனால் திருகை எடுத்து, பழைய பசையை அசிட்டோனில் துடைத்து, நீலப் பசை மெல்லிசாகத் தடவி மாட்டுங்கள். சிவப்புப் பசை வேண்டவே வேண்டாம். அதைக் கழற்றக் கடும் சூடு காட்ட வேண்டும், அதற்குள் திருகின் தலை மழுங்கிவிடும்.

வேகத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. ஒவ்வொரு தடவையும் அலகு நிறுத்தக் கம்பியில் ‘டக்’கென்று மோதுகிறது, பூட்டுப்பட்டை அலகின் அடியில் தாவி உட்காருகிறது. பொழுதுபோகாமல் நாள்முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பவர்களின் கத்தியில் பட்டை கொஞ்சம் கொஞ்சமாக மறுபக்கத் தகட்டை நோக்கி நகர்ந்திருக்கும். அது தகட்டைத் தொட்டுவிட்டால் பூட்டுக்கு ஆயுள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். டைட்டானியப் பட்டை அலகில் ஒட்டிக்கொண்டு மூட வராமல் அடம்பிடித்தால், அது தொடும் முகத்தில் பென்சில் முனையால் நாலைந்து கோடு தேய்த்தால் ஒட்டல் போய்விடும்.

கிராஸ்பார் பூட்டில் பிடிக்குக் குறுக்கே ஒரு கம்பி. அதைப் பின்னால் இழுத்தால் அலகைப் பிடித்திருப்பது எதுவும் இல்லை. மணிக்கட்டை லேசாக அசைத்தால் திறக்கும், அப்படியே மூடும். 1998-ல் பெஞ்ச்மேட் கம்பெனி ‘ஆக்ஸிஸ்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. காப்புரிமைக் காலம் முடிந்ததும் இப்போது பல கம்பெனிகளிலும் வருகிறது. விரல் அலகின் பாதையில் வராமலே மூடலாம் என்பது இதன் பெரிய நன்மை. பலவீனம், கம்பியை இருபுறமும் தள்ளிக்கொண்டிருக்கும் இரண்டு மெல்லிய ஒமேகா ஸ்பிரிங்குகள். நெடுநாள் புழக்கத்தில் ஒன்று ஒடியும். மற்றது தாங்குவதால் உடனே தெரியாது. கம்பியை இருமுனையிலும் மாற்றி மாற்றி இழுத்துப் பாருங்கள். ஒரு முனை மட்டும் தொளதொளவென்று வந்தால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் போய்விட்டது. மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், மற்றதும் அதே வயசுதானே.

பாதிவரை கை தள்ள, மீதியை ஸ்பிரிங் இழுக்கும் ‘அசிஸ்டட்’ வகையை நான் பரிந்துரைப்பதில்லை. உள்ளே இருக்கும் முறுக்குக் கம்பி ஒடிந்தால் திறப்பதும் கெடும், மூடிய நிலையின் பிடிப்பும் குறையும். கெர்ஷா கம்பெனியின் ‘லீக்’ மாடலில் முனையைத் தடுக்கத் தனியாக ஒரு தள்ளுபூட்டு வைத்திருக்கிறார்கள். ஏன் வைத்தார்கள் என்று யோசித்தாலே விஷயம் புரியும். லண்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: 2019 சட்டத்துக்குப் பிறகு அங்கே பட்டன் கத்தியோடு இந்த வகையும் தடைக்குள் வருகிறது, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். பூட்டில்லாத, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்தியை மட்டுமே காரணம் சொல்லாமல் வெளியே எடுத்துப்போகலாம். அவர்களுக்கு நகக்குழிதான் சரி.

எந்த வகையானாலும் மாதம் ஒருமுறை ஒரு சோதனை செய்துவிடுங்கள். கத்தியை மூடி, அலகு வெளிவரும் பக்கம் கீழே இருக்கும்படி மெத்தையின் மேல் பிடித்து நாலைந்து தடவை நன்றாக உதறுங்கள். அலகு தலைகாட்டினால் அந்தக் கத்தி பாக்கெட்டுக்கு ஆகாது. முனை மேலே பார்க்கும்படி மாட்டும் கத்தியை, அலகின் முதுகு பாக்கெட்டின் பின்தையலை ஒட்டி இருக்குமாறு சொருகுங்கள். தற்செயலாகப் பிடி தளர்ந்தாலும் தையலே அலகைத் தடுத்துவிடும்.

கடைசியாக எண்ணெய். அச்சாணிக்குத் தேங்காயெண்ணெய் விடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். ஊட்டிக்கு எடுத்துப்போன கத்தி அங்கே போய் இறுகிப்போவது அதனால்தான். வெக்கையில் பஞ்சைச் சேர்த்துக்கொண்டு களிம்பாகும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு நன்றாக வேலை செய்யும். பழம் நறுக்குகிற கத்தியானால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் போதும். தேங்காயெண்ணெய்க்கும் ஒரு வேலை இருக்கிறது. பலாப்பழம் அறுக்குமுன் அலகின் இருபக்கமும், அச்சாணியைத் தொடாமல் அரை அங்குலம் விட்டு, அதைத் தடவிக்கொள்ளுங்கள். பிசின் ஒட்டாது. அறுத்து முடித்ததும் மடக்குவதற்கு முன்னால் எண்ணெய்த் துணியால் முனைநோக்கித் துடையுங்கள். அச்சாணிப் பக்கமாகத் துடைத்தால் பிசின் வாஷருக்குள் போய்விடும், பிறகு கத்தியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.