குல்லாய்க்குச் சுருள் சுற்றா, மூடிய சுற்றா?

டெல்லிக் குளிருக்குக் குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) குல்லாய் பின்ன உட்காரும் கரோல் பாக், மயூர் விஹார் தோழிகளுக்கு முதலில் வரும் குழப்பம் இது. தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான்: மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் நூல் வளையம்) 6 சிங்கிள் குரோஷா, அதாவது 6 சாதாரணப் பின்னல் கண்கள்; அடுத்த சுற்றுகளில் 12, 18, 24 கண்கள்.

சுருளில் சுற்றை மூடுவதே இல்லை. முந்தைய சுற்றின் முதல் கண்ணிலேயே ஊசி நேராக இறங்கும், மூட்டுக்கோடு விழாது. ஆனால் சுற்று எங்கே தொடங்கியது என்பதும் தெரியாது! முதல் கண்ணில் ஒரு ஊக்கு மாட்டி, சுற்றுக்குச் சுற்று மேலே ஏற்றுங்கள். நிறம் மாற்றினால் அந்த இடத்தில் படி விழும். பட்டை போட்ட குல்லாய்க்கு ஒத்துவராது.

மூடிய சுற்றில் முதல் கண்ணில் ஸ்லிப் ஸ்டிட்ச் (உயரமில்லாத இணைப்புத் தையல்) போட்டு, ஒரு செயின் (சங்கிலித் தையல்) ஏறி, அதே கண்ணில் தொடங்க வேண்டும். பட்டைகள் ஒழுங்காகச் சேரும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்: ஸ்லிப் ஸ்டிட்சும் பார்க்கக் கண் போலவே இருக்கும். அதிலும் குத்திவிட்டால் 18 வர வேண்டிய இடத்தில் 19. மூட்டும் மெல்லச் சரிந்து ஓடும்.

உச்சி வட்டம் நெளிந்தால் கண் கூடிவிட்டது; கிண்ணமாகக் குவிந்தால் குறைந்துவிட்டது. ஒரே நிறக் குல்லாய்க்குச் சுருள்தான் அழகு. கடைசியில் இரண்டு கண்ணை ஸ்லிப் ஸ்டிட்சாக முடித்தால் விளிம்புப் படியும் மறையும்.