கோல்டன் த்ரெட்ஸ் குயில்ட்டிங் பேப்பர்: பார்டருக்கு வாங்கலாம், நெருக்கத் தையலுக்கு வேண்டாம்

ஃப்ரீ மோஷன் குயில்ட்டிங்கில் (மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் கையால் நகர்த்திச் சேர்த்துத் தைப்பதில்), துணியில் கோடு போடாமல் டிசைனைத் தைக்க உதவும் மெல்லிய தாள் இது. டிசைன் உள்ள தாளைத் துணிமேல் பொருத்தி, அதன்மேலேயே தைத்து, பிறகு தாளைக் கிழித்தெடுக்க வேண்டும். ஊடே துணி தெரியும். 20 கஜச் சுருளாக 12, 18, 24 அங்குல அகலங்களில் வருகிறது. பார்டருக்கும் (ஓரப்பட்டை) சாதாரண பிளாக்குக்கும் (குயில்ட்டின் ஒரு சதுரத் துண்டு) 12 அங்குலமே போதும். மார்க்கர் எடுபடாத கறுப்புத் துணியிலும், பூ நிறைந்த பிரிண்ட்டிலும்தான் இதன் அருமை தெரியும்.

பரிசு சுற்றும் டிஷ்யூ பேப்பர், குயில்ட்டை மெஷினடியில் திருப்பும்போதே பிய்ந்துவிடும். கனமான டிரேசிங் பேப்பரோ கடைசியில் இழுக்கும்போது தையலையும் சேர்த்துத் தூக்கும். இந்தத் தாள் தைக்கும்வரை தாங்கி, ஊசி போன தடத்தில் சுலபமாகக் கிழிகிறது.

பேனாவால் வரைந்து அதன்மேலேயே தைக்க வேண்டாம். ஊசி மையை நூலுக்குள் இறக்கிவிடும். வெளிர் நூல் அழுக்காகும். பென்சில் கரியும் அப்படித்தான். ஒரு தாளில் மட்டும் வரைந்து, அடியில் பத்துத் தாள் அடுக்கி, ஓரத்தில் ஸ்டேப்பிள் அடித்து, நூல் கோக்காத 90/14 ஊசியால் கோட்டின்மேல் ஓட்டுங்கள். பத்திலும் துளைத் தடம் விழும், மை இருக்காது. ஆரி வேலைக்காரர்கள் டிரேசிங் பேப்பரில் குத்தும் அதே முறைதான். ஆனால் அவர்கள்போல மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைக் குயில்ட்டில் தேய்க்காதீர்கள். பஞ்சு விரிப்பு அதை உறிஞ்சிக்கொள்ளும்.

குத்திய தாளின் அடிப்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். அதை மேலே வைத்தால் தடம் பளிச்சென்று தெரியும், ஆனால் டிசைன் இடம் வலம் மாறிவிடும். இறகு டிசைனுக்குப் பெரும்பாலும் பாதகமில்லை. எழுத்து என்றால் முதல் தாளிலேயே கண்ணாடிப் பிம்பமாக வரைய வேண்டும்.

தாளைத் தட்டைத் தலைக் குண்டூசியால் பொருத்துங்கள். துணியை நகர்த்தும் மெஷின் பல்லை இறக்கி, முன்பக்கம் மூடிய டார்னிங் ஃபுட் (ஃப்ரீ மோஷனுக்கான பாதம்) போடுங்கள். திறந்த ஃபுட்டின் விரல்கள் கிழிந்த ஓரத்தில் மாட்டும். அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் சரியான அளவு. அதைவிட நீளமாகப் போனால் துளைகள் தள்ளித்தள்ளி விழுந்து, தாள் தடத்தை விட்டு விலகிக் கிழியும்.

உண்மையான வேலை, தாளை எடுப்பதில் இருக்கிறது. சீம் ரிப்பரின் (தையல் பிரிக்கும் கருவி) மொட்டைப் பக்கத்தால் தையலோரமாக ஒரு கீறல் போட்டு, கட்டை விரலால் தையலை அழுத்திக்கொண்டு, தாளைத் துணியோடு படிந்தாற்போல் இழுங்கள். செங்குத்தாக இழுத்தால் தையல் தளரும். முதலில் வெளிப்பகுதி, பிறகு உள்வளைவுகள். இறகின் தண்டில் இரண்டு முறை ஓடிய இடத்தில் மட்டும் துணுக்கு சிக்கும். அதற்கு ட்வீசர் வேண்டும்.

இதனால்தான் ஸ்டிப்ளிங் (வளைந்து வளைந்து இடத்தை நிரப்பும் தையல்) போன்ற நெருக்கத் தையலுக்கு இதைச் சிபாரிசு செய்ய முடியாது. கால் அங்குலத்துக்கும் குறைவான இடைவெளியில் ஆயிரம் துணுக்கு மிஞ்சும். அங்கே தாளே வேண்டாம், கைப்போக்கில் தைப்பதே மேல்.

காகிதம் ஊசியைச் சீக்கிரம் மழுக்கும், பாபின் கேஸில் தூள் சேரும். தாள் வைத்துத் தைத்த ஒவ்வொரு குயில்ட்டுக்கும் பிறகு ஊசியை மாற்றி, கேஸைக் கழற்றி பிரஷ்ஷால் துடையுங்கள்.